வெள்ளைக் காருக்கு எந்த நிறக் கோடு?

வெள்ளைக் காருக்குக் கோடு போட வேண்டும் என்று ரேடியம் கடையில் போய் நின்றால், கடைக்காரர் முதலில் எடுப்பது கறுப்பு ரோல். வேறு கலர் கேட்டால் சிவப்பு. அதற்கும் தயங்கினால் ஒரு கேட்லாக்கைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளின் நம்பர் பிளேட்டைப் பார்க்கப் போய்விடுவார். அந்தக் கேட்லாக்கில் விரல் அகலச் சதுரங்களாக வரிசை வரிசையாக நிறங்கள் இருக்கும். விரல் அகலத்தில் அழகாகத் தெரிகிற நிறம், பானெட்டின் முழு நீளத்துக்கும் ஓடும்போது எப்படி இருக்கும் என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

என் அக்கா மகன் கோவையில் செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்து வளர்ந்த பையன். பானெட்டில் தொடங்கி ரூஃப் வழியாக டிக்கி வரை இரட்டைக் கோடு என்பது வரை அவனே முடிவு செய்துவிட்டான். நிறம்தான் நிலைக்கு வரவில்லை. "கறுப்புதான் எல்லாரும் போடுறாங்க மாமா, சிவப்பு போட்டா எப்படி?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் நாட்டுச் சாலைகளில் அதிகம் ஓடுவது வெள்ளைக் கார் என்பதால் பலருக்கும் இது உதவும். மற்ற நிறக் கார்க்காரர்களுக்குப் பின்னால் சுருக்கமாக ஒரு பத்தி இருக்கிறது.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை நான்கு: கறுப்பு, சிவப்பு, நீலம், அடர் சாம்பல். என் ஓட்டு சாம்பலுக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் படித்துவிட்டு நீங்கள் மாற்றிப் போட்டாலும் சரி.

நிறத்துக்கு முன்னால் ஒரு விஷயம்

சிவப்பா நீலமா என்று பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியது, பாடி கலரைவிடக் கோடு எவ்வளவு இருட்டு அல்லது எவ்வளவு வெளிச்சம் என்பது. தூரத்தில் வரும் வண்டியில் கண்ணில் முதலில் படுவது அந்த வித்தியாசம்தான். நிறம் அப்புறம்தான் தெரியும். பட்டுப்புடவையில் மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை எடுப்பாக நிற்பதற்கும் இதுவே காரணம். ஒன்று வெளிச்சம், மற்றது இருட்டு. அதே அரக்கைக் கத்திரிப்பூ நிறத்துக்குக் கரையாக வைத்தால், பக்கத்தில் வந்து பார்த்தால்தான் கரை இருப்பதே தெரியும்.

இதைச் சோதிக்கச் செலவே இல்லை. கடையில் கேட்கும் நிறத்தில் ஒரு துண்டைக் காரின் மேல் வைத்து ஃபோனில் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். துண்டும் பாடியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் அந்த நிறம் வேண்டாம். வெள்ளைக் காரில் மஞ்சள், வான நீலம், சில்வர் எல்லாம் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். ஆரஞ்சு பாதிக் கிணறு தாண்டும். கறுப்பு, அடர் சாம்பல், கருநீலம், நல்ல அழுத்தமான சிவப்பு ஆகியவை தேறும். எங்கள் பட்டியல் நான்காகச் சுருங்கியது இப்படித்தான்.

சிவப்புக் காரில் நடுத்தர நீலக் கோடு போட்டால் கண் கூசுவதற்கும் காரணம் இதுவே. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டு. எல்லை எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாமல் விளிம்பு அதிர்வது போல் தோன்றும். இடையில் மெல்லிய வெள்ளை இழை ஒன்றை ஓட்டினால் அடங்கிவிடும்.

அகலமும் இதனோடு சேர்ந்ததுதான். இருண்ட பாடியில் வெளிச்சமான கோடு, இருப்பதைவிட அகலமாகத் தெரியும். வெளிச்சமான பாடியில் இருண்ட கோடு சற்று மெலிந்து தெரியும். கறுப்புக் காரில் வெள்ளைக் கோடு போட்டவரின் அளவை அப்படியே வாங்கி வெள்ளைக் காரில் கறுப்புக் கோடு போட்டால் ஏதோ குறைகிறது என்று தோன்றும். கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் விடும் இடைவெளி மட்டும் கோட்டைவிடக் குறுகலாகவே இருக்கட்டும். அகன்றால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தண்டவாளம் ஆகிவிடும்.

கறுப்பு

கறுப்புக்குப் பெரிய பலம், அது ஏற்கெனவே காரில் இருப்பது. டயர், வைப்பர், முன்புற கிரில், கதவுகளுக்கு இடையில் உள்ள தூண், ஜன்னல் ரப்பர் எல்லாம் கறுப்பு. புதிதாக ஒரு நிறத்தைக் கொண்டுவந்து ஒட்டியது போல் இருக்காது. ரூஃப் கறுப்பாக வந்த டூயல் டோன் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், பானெட் கோடு அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். வெயிலுக்கும் கறுப்பு அசராது. அதில் இருப்பது கரி. வெளுக்க அதில் ஒன்றும் இல்லை. கோட்டுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் ஃபிலிமைத் தயாரிப்பவர்களே கறுப்புக்கும் வெள்ளைக்கும்தான் அதிக ஆயுள் சொல்வார்கள், மற்ற நிறங்களுக்குக் குறைத்துச் சொல்வார்கள், மெட்டாலிக்குக்கு இன்னும் குறைவு.

அப்புறம் ஏன் என் ஓட்டு கறுப்புக்கு இல்லை? தண்ணீர்தான் முதல் காரணம். நம் வீடுகளில் காரைக் கழுவுவது போர்வெல் தண்ணீரில். பக்கெட்டில் எடுத்து ஊற்றி, துடைப்பதற்குள் வெயில் அதை உறிஞ்சிவிடும். வெள்ளைப் பாடியில் அந்த உப்புத் திட்டு கண்ணுக்கே தெரியாது. கறுப்புக் கோட்டில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளை வட்டமாக நிற்கும். பளபளக் கறுப்பு என்றால், காலையில் தூசித் துணியால் உலர்வாகத் தட்டிவிடுகிற பழக்கத்தால் வரும் சுழல் கீறல்களும் சேரும். பளபளப்பில்லாத மேட் கறுப்பில் கீறல் தெரியாது. ஆனால் மேட்டைப் பாலிஷ் போட முடியாது, வாக்ஸ் பட்டால் அது வெள்ளையாக அப்பிக்கொள்ளும். மரத்தடியில் நிறுத்தும் கார் என்றால் பறவை எச்சம் மேட்டில் கறையாகத் தங்கும்.

இன்னொன்று சூடு. ஏப்ரல் மே மதியத்தில் வெள்ளை பானெட்டில் கை வைத்துவிட்டு உடனே பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கோட்டில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். காருக்குள் சூடு ஏறும் அளவுக்குக் கோடு பெரிதில்லை. ஆனால் அந்த ஃபிலிம் தினமும் அப்படிச் சூடாகிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். மலிவான ரகம் என்றால் நாளடைவில் சுருங்கி, ஓரத்தில் பசை ஒரு கறுப்பு நூல் போல வெளியே தெரியும். அதில் தூசி ஒட்டும்.

எல்லோரும் போடுகிறார்கள் என்பதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாக இருப்பதால்தானே போடுகிறார்கள்.

சிவப்பு

மருமகனின் ஆசை இது. காரணமில்லாத ஆசையும் இல்லை. வெள்ளையும் சிவப்பும் ஜப்பானின் பந்தய நிறங்கள்; ஹோண்டா 1964இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தபோது யானைத் தந்த வெள்ளைக் காரில் சிவப்புச் சூரியனோடு வந்தது. சுசூகியும் ஜப்பான் கம்பெனிதான் என்று அவன் வாதாடினான். வாதம் சரிதான்.

மதிய வெயிலில் சிவப்புக் கோடு உண்மையிலேயே நன்றாக இருக்கும். சிக்கல் மாலையில். வெளிச்சம் மங்கும்போது மனிதக் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் இருண்டுபோகும், நீலம் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்ன விஷயம் இது. மஞ்சள் சோடியம் விளக்கு இன்னும் மிச்சமிருக்கிற தெருவில் நிறுத்தினால் அது சிவப்பே இல்லை, காப்பிக்கொட்டை நிறம். வேலை முடிந்து இருட்டும் நேரத்தில்தான் பெரும்பாலும் வண்டியை எடுப்பவருக்கு, சிவப்பு என்று காசு கொடுத்து வாங்கியது பழுப்பாகத்தான் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வெளுப்பது. மலிவான ஃபிலிம்களில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் போடும் சாயங்கள் சூரிய ஒளியில் சீக்கிரம் உடைந்துபோகிறவை. சிவப்பு முதலில் பளபளப்பை இழக்கும், பிறகு ஆரஞ்சு சாய்ந்து, கடைசியில் ரோஸ். கதவில் இருக்கும் கோடு தப்பித்துவிடும். பானெட்டும் ரூஃபும் நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதால் அவற்றில் இருப்பது முதலில் போகும். பெரிய கம்பெனிகளின் உத்தரவாதத்திலேயே படுக்கைப் பரப்புக்கு ஆயுளைக் குறைத்துப் போட்டிருப்பார்கள். ஆக, ஒரே ரோலில் வெட்டிய கோடு மேலே ரோஸாகவும் பக்கவாட்டில் சிவப்பாகவும் நிற்கும் காலம் ஒன்று வரும். பழைய ஆட்டோக்களின் பின்னால் ஒட்டிய சிவப்பு எழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

வெள்ளை வண்டியின் பக்கவாட்டில் அகலமான சிவப்புப் பட்டை போட்டால் ஆம்புலன்ஸ் ஞாபகம் வரும். பானெட்டில் நீளவாக்கில் ஓடும் கோட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சிவப்பை விடவே மனமில்லை என்றால் அதைச் சன்னமாக வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் கோட்டின் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் இழையாக ஓடும் சிவப்பு, வெளுத்தால் மாற்றுவதற்கும் எளிது.

நீலம்

சரித்திரத்தைப் பார்த்தால் வெள்ளைக் காருக்கு முதல் உரிமை நீலத்துக்குத்தான். அந்தக் காலத்தில் பந்தயத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். பிரிட்டன் பச்சை, பிரான்ஸ் நீலம், இத்தாலி சிவப்பு. அமெரிக்காவுக்கு வெள்ளையும் நீலமும். 1950களின் தொடக்கத்தில் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோன கார்களில் வெள்ளை பாடியில் நடுவில் இரண்டு நீலக் கோடுகள் ஓடின. 1965இல் வந்த ஷெல்பி ஜிடி350 மஸ்டாங் அதே சேர்க்கையைச் சாலைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்க பானெட்டில் போடும் இரட்டைக் கோட்டுக்கு இந்தக் கார்கள்தான் தாத்தா.

நீலத்துக்கு வெயிலும் பயமில்லை. அதில் வழக்கமாகச் சேர்க்கும் தாலோசயனின் வகை நிறமி நிறங்களிலேயே உறுதியானவற்றுள் ஒன்று. சிவப்பு ரோஸாகும் காலத்தில் நீலம் நீலமாகவே இருக்கும். மாலை வெளிச்சத்திலும் முன்னால் சொன்னபடி நன்றாக நிற்கும்.

ஆனால் இந்தியச் சாலையில் வெள்ளையும் நீலமும் சேர்ந்தால் கன்னிங்ஹாமை நினைப்பவர்கள் எத்தனை பேர்? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சுற்றுலா வாகனங்களுக்கு வகுத்த உடுப்பு என்ன தெரியுமா: வெள்ளை நிறம், பாடியின் நடுவே 5 சென்டிமீட்டர் அகல நீலப் பட்டை, 60 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 'டூரிஸ்ட்' என்ற எழுத்து. அந்த வேன்களில் ஏறி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போன தலைமுறை நாம். வெள்ளைக் காரின் பக்கவாட்டில் கதவுக்குக் கதவு மெல்லிய நீலக் கோடு ஓடினால், ரயில் நிலைய வாசலில் "பழனி வருமா சார்?" என்று யாராவது ஜன்னலைத் தட்டத்தான் செய்வார்கள்.

பானெட்டில், அகலமாக, கருநீலமாகப் போட்டால் அந்த வாசனை வராது. இங்கே நீலம் என்று நான் சொல்வது மை நீலத்துக்கும் இருண்டது. ஷோரூம் வெளிச்சத்தில் கறுப்பு மாதிரி இருந்து வெயிலில் வந்தால் நீலம் என்று தெரிகிற ரகம். சாம்பலுக்கு அடுத்தபடி நான் சொல்லக்கூடியது இதுதான். வண்டியில் சிவப்பு லோகோ, சிவப்பு பிரேக் காலிப்பர் என்று ஏதாவது இருந்தால் மட்டும் கருநீலம் அதோடு மல்லுக்கட்டும்.

சாம்பல்

அடர் சாம்பலைக் கடைக்காரர்கள் தானாக எடுத்துக் காட்டமாட்டார்கள். கேட்டால் "டல்லா இருக்கும் சார்" என்பார்கள். கேட்லாக்கில் பார்த்தால் டல்தான். வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அதன் அருமை தெரியும். வெள்ளை அதை இன்னும் இருட்டாக்கிக் காட்டும். பத்தடி தள்ளி நின்றால் கறுப்பு போட்ட மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்த வெட்டி ஒட்டிய உணர்வு இருக்காது. அலாய் வீலின் நிறத்துக்கும் ஒத்துப்போகும். போர்வெல் உப்புக்கறை, தூசி, கீறல் மூன்றையும் கறுப்பைவிட நன்றாக மறைக்கும். வெயிலில் வெளுத்தாலும் சாம்பல் வெளுத்தால் சாம்பல்தான்.

பார்க்க வேண்டியது ஒன்று. சாம்பலிலேயே நீலம் சாய்ந்தது, பழுப்பு சாய்ந்தது என்று இரண்டு சாதி உண்டு. பளிச்சென்ற வெள்ளைக்கு நீலம் சாய்ந்த சாம்பல். முத்து வெள்ளை, தந்த வெள்ளை என்றால் பழுப்பு சாய்ந்தது. முத்து வெள்ளையில் நீலம் சாய்ந்ததை ஒட்டினால் பாடி மஞ்சளாகத் தெரியும், ஸ்டிக்கரில் குறை என்று யாருக்கும் தோன்றாது, கார்தான் பழசாகிவிட்டது போலத் தோன்றும்.

மேட்டுக்கும் பளபளப்புக்கும் நடுவில் சாட்டின் என்று ஒரு ரகம் உண்டு. சாம்பலுக்கு அதுவே நல்லது.

இரண்டு நிறமா? கரையைக் கவனியுங்கள்

ஒரே நிறத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பகுதி தேவைப்பட்டிருக்காது. ஆனால் மருமகன் அடுத்து வந்தது, "ஒரு கோடு கறுப்பு, ஒரு கோடு சிவப்பு" என்ற யோசனையோடு.

தமிழ்நாட்டில் இரண்டு மூன்று நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் அது வெறும் கோடு இல்லை, கரை. வேட்டிக் கரையைப் பார்த்துக் கட்சியைச் சொல்லப் பழகிய கண்கள் நம்முடையவை. வெள்ளைக் காரோ வெள்ளை வேட்டிக்கு ஈடான பரப்பு. அதில் கறுப்பையும் சிவப்பையும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் திமுக. நடுவில் இடைவெளி விட்டால் பாடியின் வெள்ளை உள்ளே புகுந்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு ஆகிவிடும், அது அதிமுக. ஒரு விரற்கடை இடைவெளியில் கட்சி மாறுகிற அதிசயம் வேறு எந்த ஊர் ஸ்டிக்கர் கடையிலும் நடக்காது. சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று போனால் மதிமுக. நீலம், மஞ்சள், சிவப்பு பாமக. நடுவில் மஞ்சளும் இரண்டு பக்கமும் அடர் சிவப்பும் 2024 ஆகஸ்டில் இருந்து தவெக. காவியும் பச்சையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிஎம்டபிள்யூவின் எம் கார்களைப் பார்த்து இளநீலம், கருநீலம், சிவப்பு என்று மூன்று கோடு போடும் பையன்கள் உண்டு. தள்ளி நின்று பார்ப்பவருக்கு அதில் நீலமும் சிவப்பும்தான் தெரியும், அது விசிக.

கட்சிக்காரர் தெரிந்தே போட்டுக்கொண்டால் அது அவர் விருப்பம். தெரியாமல் போடுகிறவர்தான் போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டிவரும். சில மாவட்டங்களில் நிறச் சேர்க்கைக்கு இதைவிட மோசமான அர்த்தமும் உண்டு. பிள்ளைகள் கையில் கட்டிவரும் கயிற்றின் நிறம் சாதி அடையாளமாகிறது என்று 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பும் அளவுக்கு நிறம் இங்கே பேசுகிறது. வெளியூரில் இருந்து வந்து குடியேறியவர்கள், இரண்டு நிறக் கோடு போடும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. கரையாகத் தெரிவது பெரும்பாலும் பக்கவாட்டில், படுக்கையாக, சம அகலத்தில் ஓடும்போதுதான். பானெட்டில் நீளவாக்கில் ஓடும் கோட்டை அப்படி யாரும் படிப்பதில்லை. அகலங்களை ஏற்றத்தாழ்வாக வைத்தாலும் கொடி உடைந்துவிடும். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு நிறம் பட்டையாகவும் இன்னொன்று இழையாகவும் இருந்தால் எந்தக் கட்சியும் சொந்தம் கொண்டாடாது. சிவப்புக்கு ஜோடியாகக் கறுப்புக்குப் பதில் சாம்பலை வைத்தால் கேள்வியே இல்லை. சாம்பலுக்கு நான் ஓட்டுப் போட இதுவும் ஒரு காரணம். எனக்குத் தெரிந்து சாம்பலுக்கு இங்கே கட்சி இல்லை.

டேப்பை ஒட்டிப் பாருங்கள்

இத்தனை பேச்சையும் ஒரு மாலையில் முடித்துவைத்தது எலக்ட்ரிக்கல் கடை இன்சுலேஷன் டேப். கறுப்பு, சிவப்பு, நீலம் மூன்றும் அதில் கிடைக்கும். சாம்பலுக்கு ரேடியம் கடையில் ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கினோம். டேப் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். நாலு வரிசை ஒட்டினால் ஏழு சென்டிமீட்டர் பட்டை. பானெட்டைக் கழுவித் துடைத்து, வைப்பரில் இருந்து லோகோ வரை நான்கு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். நான்கும் ஒன்றாக இருந்தால் கண் குழம்பும் என்பதால் மூன்றை நியூஸ் பேப்பரால் மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து, தெருமுனையில் போய் நின்று பார்த்தோம்.

நாலரை மணி வெயிலில் அவன் சிவப்புக்குத்தான் நின்றான். எதிர்வீட்டுப் பாட்டி நீலத்தைப் பார்த்துவிட்டு "வாடகைக்கு விடப் போறீங்களா?" என்று கேட்டார். ஆறரைக்குத் தெருவிளக்கு வந்ததும் சிவப்பை மூடியிருந்த பேப்பரைத் திறந்தான். பேசவில்லை. கறுப்பைத் திறந்தான், சாம்பலைத் திறந்தான், திரும்பச் சிவப்பைத் திறந்தான். "இது ரத்தம் காஞ்ச மாதிரி இருக்கு மாமா" என்று அவனே சொல்லி உரித்துவிட்டான். சாட்டின் சாம்பல் இரட்டைக் கோடு, வெளி ஓரத்தில் மட்டும் சிவப்பு இழை என்று முடிவானது. டேப்பை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் வெயில் பட்டால் அதன் பசை பெயிண்டில் இறங்கிவிடும்.

மற்ற நிறக் கார்கள்

சில்வர், சாம்பல் கார்களில் வெள்ளைக் கோடு வீண். கருநீலமும் கறுப்பும் நிற்கும். துணிச்சல் இருந்தால் ஆரஞ்சு, அதற்கு இதைவிட நல்ல பின்னணி கிடையாது. சிவப்புக் காருக்கு வெள்ளை. ரூஃபும் வெள்ளை என்றால் இன்னும் நல்லது. நீலத்துக்கும் வெள்ளைதான், 1964இல் வந்த ரெனோ 8 கோர்டினியின் நீலமும் இரண்டு வெள்ளைக் கோடும் இன்றும் பழசாகவில்லை. இளநீலம் என்றால் ஆரஞ்சு. 1968, 1969 இரண்டு வருடமும் லெ மான்ஸை ஜெயித்த ஃபோர்டு ஜிடி40 அணிந்த, கல்ஃப் எண்ணெய்க் கம்பெனியின் நிறங்கள் அவை. கறுப்புக் காருக்குத் தங்க நிறம் என்ற ஆசை 1972இல் லோட்டஸ் ஃபார்முலா ஒன் காரில் இருந்து வருகிறது. அதைக் கம்பி மாதிரி மெல்லியதாகப் போட்டால் அழகு, பட்டையாகப் போட்டால் நகைக்கடை விளம்பரம். மெட்டாலிக் என்பதால் ஆயுளும் குறைவு. மஞ்சளில் கறுப்பு கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் நம் ஊரில் மஞ்சள் ஆட்டோவும் பம்பாயில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியும் இருக்கும்வரை அந்த நினைப்பு வராமல் இருக்காது. பச்சைக்கு வெளிர் மஞ்சள். ராணுவ வண்டிகளின் ஆலிவ் பச்சையை மட்டும் தனியார் காரில் பூசக்கூடாது என்று விதியே இருக்கிறது. அதனால் ராணுவ ஸ்டைலில் கோடு என்று யாராவது சொன்னால் அந்த நிறத்தைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

இருட்டில் மின்னும் ரேடியம் ரகத்தைக் கோட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். லாரி, பஸ்ஸில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் என்று ஒளிரும் டேப் ஒட்டுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் எதிரே வருகிறவர் அதை வைத்துத்தான் வண்டியின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று கணிக்கிறார். உங்கள் பானெட்டில் சிவப்பாக ஒன்று மின்னினால் அவர் குழம்புவார்.

ஒட்டும் முன்

ஃபிலிமில் இரண்டு ரகம். உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துத் தயாரிப்பது கேலண்டர்டு. தடிமன், மலிவு, பழைய நீளத்துக்கே சுருங்கப் பார்க்கும். திரவமாக ஊற்றி உலர்த்துவது காஸ்ட். மெல்லியது, வளைவில் படியும், விலை கூடுதல். தட்டையான கதவுக்கு முதல் ரகம் போதும். பானெட்டின் மடிப்பு, ரூஃபின் வளைவு, பம்பர் என்று ஓடும் கோட்டுக்குக் காஸ்ட்தான். குறிப்பாகச் சிவப்போ ஆரஞ்சோ போடுகிறவர்கள் காஸ்ட்டில் நல்ல கம்பெனி பார்த்து வாங்குங்கள், நிறமியின் தரம் அங்கேதான் வேறுபடும்.

செராமிக் கோட்டிங் போட்ட காரில் எதுவும் சரியாகப் பிடிக்காது. டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயிண்ட் அடித்த பானெட் என்றால் மூன்று நான்கு வாரமாவது விடுங்கள், பெயிண்டில் இருந்து வரும் வாயு ஃபிலிமுக்கு அடியில் கொப்புளமாகும். பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக்கில் கோட்டைக் கொண்டுபோய் முடிக்காதீர்கள், ஒட்டாது. பின்னாளில் உரிக்கும்போது அடியில் வெளுக்காத பெயிண்ட் கோடாகத் தெரிவது சிவப்பு, கருநீலக் கார்களில் பெரிய தொல்லை. வெள்ளையில் அது அனேகமாகத் தெரியாது. பாடியின் நிறமே மாறும் அளவுக்கு முழுவதையும் மூடினால்தான் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் நிறத்தை மாற்ற வேண்டிவரும். பாடி இன்னும் வெள்ளைதான் என்று பார்த்தவுடன் சொல்ல முடிகிற கோட்டுக்கு அந்த அலைச்சல் இல்லை.

ஒட்டி முடித்ததும் பில்லில் ஃபிலிமின் கம்பெனியும் கலர் நம்பரும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறுமனே 'கிரே ஸ்டிக்கர்' என்று எழுதினால் விடாதீர்கள். மிச்சமான ரோலில் இருந்து இரண்டடித் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வீட்டில் வெயில் படாத இடத்தில் சுருட்டி வையுங்கள். பார்க்கிங்கில் யாராவது பம்பரை உரசிவிட்டுப் போனால், அந்தத் துண்டும் அந்த நம்பரும் இருந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றிவிடலாம்.